சத்தமில்லாத ரீவியில் நின்றவர்

அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

முகம் முழுக்க வெள்ளை பூசியிருந்தான். பின்னால் ஒரு ரெயில் மேடை. மேடையில் வெள்ளைக் குதிரை ஒன்று. சுற்றிவர ஒரு கூட்டம். எல்லோர் கையிலும் முகம் பார்க்கிற கண்ணாடி. அவன் பாடப் பாட அவர்கள் கண்ணாடியை மெல்ல மெல்லத் திருப்பினார்கள்.

ஊரை விட்டு வந்து ஹோம்புஷில் நாங்கள் இருந்த பிளாற். இரண்டாம் மாடி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். குசினியில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நானும் பாலனும் ரீவிக்கு முன்னால் நிலத்தில் இருந்தோம்.

"நிப்பாட்டு," என்றான் பாலன்.

"எதை?"

"பாட்டை நிப்பாட்டடா. அண்ணை நிக்கிறார்."

ரீவியில் ஓடுகிற பாட்டை எப்படி நிப்பாட்டுவது? அந்தக் காலத்தில் அது வந்த வழியே போகும். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். கூட்டத்தின் கடைசி வரிசை. அத்தனை வெள்ளைக்காரருக்கும் பின்னால் எங்கட நிறத்தில் ஒரு ஆள். கோடு போட்ட சேர்ட். கையில் கண்ணாடி இல்லை. மற்ற எல்லோரும் பாடுகிறவனைப் பார்த்தார்கள். அவர் எங்களைப் பார்த்தார்.

பிறகு குதிரை குறுக்கே போனது. குதிரை போன பிறகு அந்த இடத்தில் ஒருவரும் இல்லை.

சோறு அடிப்பிடித்த மணம் வந்தது. இரண்டு பேரும் எழும்பவில்லை.

ரோட்டில் எடுத்தது

இந்தக் கிழமை பத்திரிகைக்குப் பழைய வீடியோப் பாட்டுகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் தாங்கள் கேட்ட பாட்டுகளைப் பற்றி எழுதுவார்கள். நான் பார்த்ததைப் பற்றித்தான் எழுதலாம். கேட்டதில்லை.

காரணம் ரீவி. இங்கே ஆட்கள் வேண்டாத சாமானை வீட்டு வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். கவுன்சில் லொறி வந்து அள்ளிப்போகும். லொறி வருவதற்கு முதல் நாங்கள் போவோம். கட்டில், மேசை, கதிரை எல்லாம் அப்படி வந்ததுதான். ரீவியும் அப்படித்தான் வந்தது. நானும் பாலனும் ஒரு போர்வையில் வைத்து ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்தோம். படம் வந்தது. கொஞ்சம் பச்சையாக இழுத்தது. சத்தம் மட்டும் இல்லை.

"இங்கிலீசு விளங்காதவனுக்குச் சத்தம் என்னத்துக்கு?" என்றான் பாலன். அதுவும் சரி என்று விட்டுவிட்டோம்.

பாலனும் நானும் ஒரே பாண் தொழிற்சாலையில் வேலை. அவன் மாக் குழைக்கிற இடம், நான் அடுப்படி. பிளாற்றில் மூன்றாவது ஆள் ஜோசப். மலேசியாத் தமிழன், படிக்க வந்தவன். அவன் ஒருவனுக்குத்தான் ஒழுங்காக இங்கிலீசு தெரியும். ஞாயிறு பின்னேரம் அவன் சர்ச்சில் இருப்பான். ஆக, அந்த நேரத்தில் ரீவியில் என்ன எழுத்து வந்தாலும் எங்களுக்கு அது கோடுகள்தான்.

ஞாயிறு ஆறு மணிக்குப் பாட்டு நிகழ்ச்சி. தவறாமல் பார்ப்போம்.

எங்கட படப் பாட்டில் இரண்டு பேர் மலைக்குப் போவார்கள். உடுப்பு மாறும். பூ விழும். என்ன நடக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். இவர்களுடைய பாட்டில் ஒன்றும் விளங்காது. ஆள் இல்லாத வீட்டில் திரைச்சீலைகள் பறக்கும். ஒருத்தி தண்ணீருக்குக் கீழே கிடந்து பாடுவாள், வாயிலிருந்து ஒரு குமிழி வராது. கறுப்பில் தலைகள் மட்டும் மிதக்கும். பொம்மை கண் சிமிட்டும். எங்கு பார்த்தாலும் புகை.

இப்போது பிள்ளைகள் அதையெல்லாம் போட்டுப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தலைமயிரைப் பார், சப்பாத்தைப் பார் என்கிறார்கள். சத்தத்தோடு பார்த்தால் வேடிக்கைதான். ஒருநாள் சத்தத்தை நிப்பாட்டிவிட்டுப் பாருங்கள்.

தேவன் அண்ணை

பாலனுடைய தமையன் தேவன். எனக்கு அவரைத் தெரியாது. நான் வேறு ஊர். பாலன் இங்கே வந்த பிறகு அவர் பாஸ்போட் எடுக்கவென்று கொழும்புக்கு வெளிக்கிட்டவர். பஸ் ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைக் கண்டவர்கள் இல்லை. வீட்டில் மனைவி மகேஸ், கையில் பெண் குழந்தை.

இந்தச் செய்தி வந்து சில மாதத்தில்தான் அந்தப் பாட்டு வந்தது.

அடுத்த நாளே பாலன் போன் பண்ணினான். அப்போது பிளாற்றில் போன் இல்லை. ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியில் காசு போட்டுக் கதைக்க வேண்டும். ஊரில் ஒரு கடைக்கு அடித்து, மகேஸ் அக்காவைக் கூட்டிவரச் சொல்லி, திரும்ப அடித்தோம். நான் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன்.

"அண்ணி, அண்ணையைக் கண்டனான். ரீவியில. வெளிநாட்டில ஏதோ ரெயில் ஸ்ரேசன். ஓம், ஓம், அவர்தான். எனக்குத் தெரியாதே? கோடன் சேர்ட் போட்டிருந்தவர். பொக்கற் மட்டும் வேற துணி."

பிறகு பாலன் ரிசீவரைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தான். காசு ஒவ்வொன்றாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

"என்னடா?"

"அண்ணி கதைக்கேல்ல. ஆனா நிக்கிறா. மூச்சு கேக்குது."

கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டாராம். "மெலிஞ்சு போனாரோ?"

அந்த ஒரு போனோடு அந்தக் குடும்பத்தில் ஒரு காரியம் நின்றுபோனது. தேவன் அண்ணைக்கு அந்தியேட்டிச் சடங்கு செய்யவில்லை. திவசம் இல்லை. சொந்தக்காரர் வருடா வருடம் சொல்லிப் பார்த்தார்கள். மகேஸ் அக்கா பொட்டோடும் தாலியோடும் இருந்தார். அவர் வெளிநாட்டில் இருக்கிறார், தம்பி கண்டவன் என்பார். அதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்க முடியாது.

காவல் இருந்தோம்

அந்தப் பாட்டு அடுத்த ஞாயிறும் வந்தது. அதோடு சரி.

அந்த இரண்டாம் முறை ஆள் கடைசி வரிசையில் இல்லை, ஒரு வரிசை முன்னுக்கு நின்ற மாதிரி எனக்குப் பட்டது. பாலனிடம் சொல்லவில்லை. அவன் ரீவியில் கை வைத்துக்கொண்டு நின்றான். இன்றுவரைக்கும் சொல்லவில்லை. இதை வாசித்துத்தான் அவன் அறியப்போகிறான்.

பிறகு பாலன் சம்பளத்தில் வீடியோ டெக் ஒன்று வாங்கினான். வந்தால் பதிவதற்கு. ஞாயிறு தோறும் விரலைப் பொத்தானில் வைத்தபடி இருப்பான். நான் வாயில் சோறு தீத்தாத குறை.

ஜோசப்பைக் கெஞ்சிப் பிடித்து ஒருநாள் இருத்தினோம், பாட்டின் பெயரை வாசித்துச் சொல்ல.

"உங்களுக்காகச் சர்ச்சுக்குப் போகாம உட்கார்ந்திருக்கேன் லா," என்றான் அவன். "பேய் வரலைன்னா சோறாவது போடுங்க."

"பேய் எண்டு சொல்லாத," என்றான் பாலன்.

ஜோசப் பாலன் முகத்தைப் பார்த்தான். பிறகு பகிடி விடவில்லை. பாட்டும் வரவில்லை. சோறு போட்டோம். சாப்பிட்டுவிட்டு அவனே கோப்பைகளைக் கழுவினான்.

பாட்டின் பெயர் தெரியாது. மெட்டும் தெரியாது. கடையில் போய் என்னவென்று கேட்பது? வெள்ளைக் குதிரை, கண்ணாடி என்று பாலன் கையால் காட்டினான். கசெற் கடைக்காரப் பெடியன் சிரித்தான். பாலன் லண்டனில் இருந்த ஒரு மச்சானைப் பிடித்து ஸ்ரேசன் ஸ்ரேசனாகப் பார்க்கச் சொன்னான். அந்த மனிதனும் பாவம், கொஞ்சக் காலம் பார்த்தார்.

ஒருநாள் ரீவி படமும் இல்லாமல் போனது. எடுத்த மாதிரியே போர்வையில் தூக்கிக்கொண்டுபோய் ரோட்டில் வைத்தோம். காலமை எழும்பிப் பார்த்தால் அது இல்லை. அன்று லொறி வருகிற நாளும் இல்லை. செத்த ரீவியை யார் கொண்டுபோனார்களோ.

பிறகு ஆளுக்கொரு பக்கம் போனோம். ஜோசப் மெல்பேர்ணில் பெரிய வேலையில் இருக்கிறான். அங்கே த பேசின் என்கிற இடத்துக் கோயிலுக்குப் போனபோது ஒருமுறை அவன் வீட்டில் சாப்பிட்டேன். எல்லாம் கதைத்தோம். அந்தப் பாட்டைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை.

டூங்கபி

தேவன் அண்ணை விட்டுவிட்டுப் போன குழந்தைதான் தர்சினி. இப்போது நாற்பது தாண்டிவிட்டாள். இரத்தம் சோதிக்கிற இடத்தில் வேலை. டூங்கபியில் வீடு. தாயை ஊரிலிருந்து கூப்பிட்டு எடுத்தாள்.

மகேஸ் அக்கா வந்து இறங்கி, தேத்தண்ணி குடித்து முடிக்க முதல் பாலனைக் கேட்டாராம்.

"தம்பி, அந்தப் பாட்டு எங்க?"

பாலன் எனக்குப் போன் பண்ணினான். "நீயும் வா. நீயும் கண்டனிதானே."

"வாறன்."

"அது அண்ணை இல்லையெண்டா?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"பச்சையா இழுத்த ரீவியடா அது. நான் வேற ஆரையோ கண்டிருந்தா? அந்த மனுசி என்ர வாய்ச்சொல்லில ஒரு சீவியத்தையே இருந்து முடிச்சிருக்கிறா."

பாட்டைத் தர்சினி தேடிப் பிடித்திருந்தாள். இன்ரநெற்றில் பழைய வீடியோப் பாட்டுப் பைத்தியங்கள் கூடுகிற இடம் ஒன்று இருக்கிறதாம். வெள்ளைக் குதிரை, ரெயில் மேடை, கண்ணாடி என்று எழுதினாளாம். தேத்தண்ணி ஆற முதல் மூன்று பேர் பெயரைச் சொல்லிவிட்டார்கள். பாலன் அத்தனை வருடம் அலைந்தது அவ்வளவுதான்.

"பார்த்திட்டியோ?" என்று கேட்டேன்.

"இல்ல அங்கிள். அம்மாவோட பார்ப்பம் எண்டு விட்டிட்டன். கீழ எழுதியிருந்ததை மட்டும் வாசிச்சனான்." பாலனைப் பார்த்தாள். "சித்தப்பா, அதைப் பற்றி உங்களோட ஒண்டு கதைக்கவேணும். முதல் பார்ப்பம்."

பட்டப்பகல். கண்ணாடியில் வெயில் அடிக்குது என்று திரையை இழுத்துவிட்டாள். மகேஸ் அக்கா நல்ல சேலை உடுத்தியிருந்தார். பெரிய பொட்டு. கதிரையை ரீவிக்குக் கிட்டப் போடச் சொன்னார். பாலன் நின்றான். இரு என்றால் இருக்கவில்லை.

பாட்டு தொடங்கியது.

சத்தத்தோடு அதை அன்றுதான் கேட்டேன். சாவீட்டுப் பாட்டு போல ஒன்றைத்தான் மனதில் வைத்திருந்தேன். அப்படி இல்லை. கைதட்டு. சின்னப் பிள்ளைகள் சேர்ந்து பாடுகிறார்கள். துள்ளி ஆடலாம். அந்த வெள்ளை முகம் அதே முகம், அந்தக் குதிரை அதே குதிரை, ஆனால் பின்னால் பிள்ளைகளின் சிரிப்பு.

"நிப்பாட்டு," என்றான் பாலன்.

இந்தமுறை நின்றது.

கடைசி வரிசை. கோடன் சேர்ட். கையில் கண்ணாடி இல்லை. இப்போதைய ரீவி சுவரளவு. ஆள் எங்களுடைய உயரத்தில் நின்று எங்களைப் பார்த்தார். முப்பது வயதுக்கு மேல் இராது. எங்கள் எல்லோருக்கும் நரைத்துவிட்டது.

"அண்ணைதான்," என்றான் பாலன். "அண்ணி, அண்ணைதான்."

தர்சினி மெல்லச் சொன்னாள். "சித்தப்பா, நான் சொல்ல வந்தது இதுதான். இந்தப் பாட்டு நீங்கள் பார்த்த காலத்துப் பாட்டு இல்ல. அதுக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னம் எடுத்தது. இங்க பழசாத் திரும்பப் போட்டிருக்கிறாங்கள்."

"பழைய பாட்டும் போடுவாங்களோ?"

"போடுவாங்கள்தானே."

எங்களுக்கு அது தெரியாது. ரீவியில் வருவதெல்லாம் அன்றன்று நடப்பது என்றுதான் நினைத்திருந்தோம். ரேடியோச் செய்தி மாதிரி. எங்களிடம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"அப்ப இது எடுக்கேக்க..." என்றான் பாலன்.

"அப்பா வீட்டில. அம்மாவோட. நான் பிறக்கக்கூட இல்ல."

பாலன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். "அண்ணி, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் ஆரோ ஒருத்தனைக் காட்டி உங்களை இவ்வளவு காலமும்..."

"பொறு தம்பி," என்றார் மகேஸ் அக்கா. அவர் ரீவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு நிறம் வடிவாத் தெரியேல்ல. பிள்ளை, பொக்கற்றைப் பார். கத்தரிப்பூ நிறமோ?"

தர்சினி படத்தைப் பெரிதாக்கினாள். முகம் மேலே போய்விட்டது. சேர்ட் மட்டும் சுவர் முழுக்க. சேர்ட்டில் சாம்பல் கோடு. பொக்கற்றில் கோடு இல்லை.

"ஓம் அம்மா. கத்தரிப்பூ நிறம்."

"மேல் மூலையில கறுப்பு நூல் தெரியுதோ?"

தர்சினி கிட்டப் போனாள்.

"தெரியுது."

"நான் தைச்சது," என்றார் மகேஸ் அக்கா. "துணி போதாமப் போச்சு. பொக்கற்றுக்கு அவற்ற பழைய சாறத்தில வெட்டினனான். நூலும் முடிஞ்சுபோச்சு. மூலைக்குக் கறுப்பு போட்டன். மூலையிலதானே, ஆர் பார்க்கப்போகினம் எண்டவர்."

"எப்ப அம்மா தைச்சது?"

"கொழும்புக்கு வெளிக்கிட முதல் நாள். போட்டுக்கொண்டு போனவர்."

குசினியில் பிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, அது ஏலாது," என்றாள் தர்சினி. சோதனை முடிவு சொல்கிற குரல். "பாட்டு முந்தி. சேர்ட் பிந்தி. இல்லாத சேர்ட்டைப் போட்டுக்கொண்டு எப்பிடி நிக்கிறது?"

"உயிரோட இருக்கிற ஆளால ஏலாதுதான்."

அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை. பாலன் தலையை நிமிர்த்தினான்.

"உன்னில பிழையில்ல தம்பி. நீ போனில பொக்கற் எண்டு சொன்ன உடன எனக்குத் தெரியும், அவர்தான் எண்டு. உன்ர சொல்லை நம்பி நான் இருக்கேல்ல. என்ர தையலை நம்பி இருந்தனான். அப்ப எனக்கு இந்த முந்திப் பிந்தி தெரியாது." தர்சினியிடம் திரும்பினார். "நிப்பாட்டு பிள்ளை. சும்மா நிறுத்தி வைக்காத. முழுக்க நிப்பாட்டு."

திரை கறுப்பானது. அதில் நாங்கள் நாலு பேரும் தெரிந்தோம். நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அமாவாசை

ஐயரிடம் போனோம். எந்தத் திதி என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியாது. தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம் என்றார்.

பாலன் விடிய ஆற்றங்கரையில் குளிரில் வெறும் மேலோடு நின்று எள்ளும் தண்ணீரும் விட்டான். பல்லு அடித்தது. சொன்ன மந்திரத்தில் பாதி வரவில்லை. தமையன் பெயரை மட்டும் ஒவ்வொரு முறையும் உரத்துச் சொன்னான். நாயோடு நடந்துபோன ஒரு வெள்ளைக்காரன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனான்.

தாலியை அக்காவே கழற்றிச் சாமித்தட்டில் வைத்தார். பொட்டை அழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சமைக்க வந்த சொந்தக்கார அன்ரி ஒருவர் மட்டும் ஏதோ தொடங்கினார்.

"அது என்ர நெத்தி," என்றார் மகேஸ் அக்கா.

அன்ரி பாயாசத்தைக் கிண்டப் போய்விட்டார்.

மத்தியானம் படையல். தர்சினியின் சாப்பாட்டு அறையில் மேசையில் தலைவாழை இலை. சோறு, பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், வடை. அவருடைய படம். முன்னால் ஒரு கதிரை. சாம்பிராணிக்குக் கூரையில் இருக்கிற புகை அலாரம் அடிக்கும் என்று தர்சினி அதற்குப் பிளாஸ்ரிக் பை ஒன்றைக் கட்டிவிட்டாள்.

படைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். சாப்பிட வருகிறவருக்குக் கூச்சம் இருக்கக்கூடாது. நாங்கள் நடையில் நின்றோம். நான், பாலன், தர்சினி, மகேஸ் அக்கா, அந்த அன்ரி. வீட்டில் வேறு ஆள் இல்லை. யன்னல்கள் பூட்டிக் கிடந்தன.

"எவ்வளவு நேரம் நிக்கவேணும்?" என்று தர்சினி காதுக்குள் கேட்டாள்.

யாரும் பதில் சொல்ல முதல் உள்ளே கதிரை இழுபட்டது.

கதிரைக் கால் தரை ஓட்டில் உரசுகிற சத்தம். மேசையிலிருந்து ஒருமுறை பின்னால். பிறகு முன்னால். ஒரு ஆள் இருந்து, சரிசெய்துகொள்கிற மாதிரி.

பாலன் என் மணிக்கட்டைப் பிடித்தான். அன்ரி சுவரோடு ஒட்டிவிட்டார். தர்சினி கதவுப் பிடியில் கை வைத்தாள்.

மகேஸ் அக்கா அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டார்.

"பொறு பிள்ளை," என்றார். "ஆறுதலாச் சாப்பிடட்டும்."